ஆயுளே!

(தலைப்பு: துவைக்கும் இயந்திரம் வாங்கும்போது பெரிதும் பார்க்க வேண்டியது விலையா? வசதியா? ஆயுளா? நாகல் நகர் மேடையில் 'ஆயுளே' அணியில் நிறைவாகப் பேசியது.)



நடுவர் அவர்களே, தமிழ்ப் பேராசிரியருக்கு வாஷிங் மெஷினைப் பற்றி என்ன தெரியும் என்று எதிரணித் தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. 25 வருஷமாகச் செய்யுள் நடத்துகிறவன் நான். எனக்குப் பதம் பிரிக்கத் தெரியும். பம்பு பிரிக்கத் தெரியாது. (சிரிப்பு) ஆனால் ஒன்று சொல்கிறேன். வாஷிங் மெஷினைப் பற்றித் தெரிந்துகொள்ள இன்ஜினீயரிங் படிக்க வேண்டியதில்லை. அது ரிப்பேரான வீட்டில் ஒரு மாதம் குடியிருந்தால் போதும்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

நான் குடியிருந்தவன். அந்தக் கதையைச் சொல்லித்தான் என் வாதத்தைத் தொடங்க வேண்டும்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு மெஷின் வாங்கினேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். கதவு முன்பக்கம் இருக்கும், ஃப்ரண்ட் லோடு. கடையில் இருந்த தம்பி, "சார், பத்து வருஷம் வாரண்டி சார்!" என்றார். அதற்கு மேல் நான் கேட்ட ஒரே கேள்வி, "வேற என்ன கலர் இருக்கு?" (சிரிப்பு) சிரிக்காதீர்கள். இங்கே இருக்கிற முக்கால்வாசிப் பேர் அந்தக் கேள்வியைத்தான் கேட்டிருப்பீர்கள்.

ஐந்தாவது வருஷம். மெஷின் சுற்றும்போது தடதடவென்று ஒரு சத்தம். நாகல் நகரில் ரயில் சத்தம் புதிதா? ஜங்ஷனில் ஏதோ கூட்ஸ் வண்டி போகிறது என்று ஒரு வாரம் சும்மா இருந்துவிட்டேன். (சிரிப்பு) அப்புறம்தான் தெரிந்தது, கூட்ஸ் வண்டி என் வீட்டுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது என்று! மெக்கானிக் வந்தார். கழற்றிப் பார்த்தார்.

"ஐயா, ஆயில் சீல் போயிருச்சு. தண்ணி பேரிங்குக்குள்ள இறங்கித் துருப் பிடிச்சிருச்சு."

"பேரிங்தானே தம்பி? மாத்திருவோமே."

"பேரிங் பெரிய விலையில்லைங்கய்யா. ஆனா இந்த மாடல்ல வெளி டப்பை ரெண்டு பாதியாச் செஞ்சு, சூடு வச்சு ஒட்டிட்டாங்க. பிரிக்க வராது. டப்போட மொத்தமா மாத்தணும். புது மெஷின் விலையில பாதிக்கு மேல ஆகும்."

"அட, பத்து வருஷ வாரண்டி இருக்குப்பா!"

"அது மோட்டாருக்குங்கய்யா. உங்க மோட்டாரு நல்லாத்தான் இருக்கு!" (பலத்த சிரிப்பு)

நடுவர் அவர்களே, ஆள் போய்விட்டார், ஆனால் இதயம் நல்லாத் துடிக்குது என்று ஒரு டாக்டர் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது எனக்கு. எடுத்துப் பார்த்தேன் அந்த வாரண்டி அட்டையை. மெஷின் முழுமைக்கும் இரண்டு வருஷம். மோட்டாருக்கு மட்டும் பத்து வருஷம். பெரிய எழுத்தில் பத்து. பொடி எழுத்தில் இரண்டு. பாட்டுக்குப் பதவுரை எழுதுகிற நான், பொடி எழுத்துக்குப் பதவுரை பார்க்காமல் விட்டேன்.

ஒட்டு டப் வரவழைக்க வேண்டும் என்றார்கள். வரும் வரும் என்றார்கள். மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் வீட்டில் துணி அழுக்காகாமல் இருந்ததா? மெஷின் நின்றது, வேலை நிற்கவில்லை. அது எந்தக் கையை விட்டுப் போயிருந்ததோ, அதே கைக்குத் திரும்பி வந்தது. என் மனைவிக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. வலது தோள்பட்டையில் வலி. கொல்லையில் சும்மா கிடந்த துவைக்கிற கல்லுக்கு மறுபடி வேலை வந்தது.

அப்போது ஒரு நாள் எனக்குப் பட்டிமன்றம். தலைப்பு என்ன தெரியுமா? பெண்ணின் உயர்வுக்குப் பெரிதும் உதவுவது கல்வியா, கணவனா? நான் கணவன் அணி! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) பேசி, மாலை வாங்கி, நடுராத்திரி வீட்டுக்கு வந்து, வெள்ளை வேட்டியைக் கழற்றி மூலையில் போட்டேன். காலையில் எழுந்து பார்க்கிறேன். அந்த வேட்டியைத்தான் ஒரு கையால் அலசிக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏங்க, மோட்டாருக்குப் பத்து வருஷம்னு அட்டையில போட்டிருக்கான். என் தோள்பட்டைக்கு எத்தனை வருஷம்னு அதுல எங்கயாவது போட்டிருக்கா?"

நடுவர் அவர்களே, 25 வருஷம் மேடை ஏறியவன் நான். அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் வரவில்லை. வேட்டியை வாங்கி நானே துவைத்தேன். அரை மணி நேரத்தில் என் இடுப்பு எனக்கு ஒரு சொற்பொழிவே நடத்திவிட்டது. (சிரிப்பு)

ஆகவே இது சாமான் வாங்குகிற விஷயம் மட்டும் அல்ல. சுவீடன் நாட்டில் ஹான்ஸ் ரோஸ்லிங் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். மருத்துவர், உலக நலவாழ்வைப் பற்றிப் பாடம் நடத்தியவர், 2017-ல் காலமானார். அவர் 2010-ல் வாஷிங் மெஷினைப் பற்றியே ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அவருக்கு நான்கு வயதாக இருந்தபோது அவருடைய அம்மா முதன்முதலாக மெஷினில் துணியைப் போட்டார்களாம். வாழ்நாளெல்லாம் விறகு மூட்டி வெந்நீர் போட்டுக் கையால் துவைத்த பாட்டி, "பட்டனை நான்தான் அமுக்குவேன்" என்று அமுக்கிவிட்டு, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து கடைசி வரைக்கும் பார்த்தார்களாம். அம்மா என்ன செய்தார்கள்? மெஷின் மிச்சம் பிடித்துக் கொடுத்த நேரத்தில் மகனை நூலகத்துக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். அந்த மகன்தான் பேராசிரியர் ஆனார்!

மெஷின் நமக்குக் கொடுப்பது வெள்ளை வேட்டி அல்ல, நடுவர் அவர்களே. வீட்டில் இருக்கிற ஒரு பெண்ணுக்கு நேரம் கொடுக்கிறது. ஐந்தாவது வருஷம் நின்றுபோகிற மெஷின், கொடுத்த நேரத்தைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. அதனால்தான் ஆயுளே பெரிது என்கிறேன். (கைதட்டல்)

விலை அணித் தலைவர் அருமையாகப் பேசினார். "பன்னிரண்டாயிரத்துக்குக் கிடைக்கிறதை விட்டுட்டு இருபத்தி நாலாயிரம் கொடுக்கிறவன் ஏமாளி" என்றார். அவருடைய கணக்கையே எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டாயிரம் ரூபாய் மெஷின் நான்கு வருஷம் ஓடினால் வருஷத்துக்கு மூவாயிரம். இருபத்து நாலாயிரம் ரூபாய் மெஷின் பன்னிரண்டு வருஷம் ஓடினால் வருஷத்துக்கு இரண்டாயிரம். யார் ஏமாளி? இதில் ரிப்பேர்க் கூலி சேரவில்லை. தவணை முடியும் முன்னே மெஷின் முடிந்துபோகிற வேதனை சேரவில்லை. ஒரு மெஷினைப் புதைத்துவிட்டு அதற்கு மாதாமாதம் திதி கொடுக்கிற மாதிரி, செத்த மெஷினுக்குத் தவணை கட்டுகிற வீடுகள் உண்டா இல்லையா? (சிரிப்பு)

உடனே, விலை கூடினால் ஆயுள் கூடும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்படியும் இல்லை! என் மெஷின் விலை கூடினதுதான். பக்கத்து வீட்டில் இருப்பது விலை குறைந்த செமி ஆட்டோமேட்டிக். என்ன இருக்கிறது அதில்? இரண்டு மோட்டார், கெப்பாசிட்டர், டைமர், ஒரு பெல்ட். பெல்ட் அறுந்தால் அன்றைக்கே தெருமுனை மெக்கானிக் மாட்டிவிடுகிறார். ஈரத்துணியை ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்கு மாற்றுவதற்குக் கையில் தெம்பு உள்ளவர்களுக்கு அது நல்ல மெஷின்தான். விலை வேறு, ஆயுள் வேறு. பார்க்க வேண்டியது எதை? ஆயுளை!

அடுத்து வசதி அணிச் சகோதரி. "கைப்பேசியிலேயே மெஷினை ஓட்டலாம்; பதினைந்து விதமாகத் துவைக்கலாம்" என்றார். அம்மா, கைப்பேசியிலிருந்து பட்டனைத் தட்டலாம். துணியை யார் போடுவது? (சிரிப்பு) பதினைந்து புரோகிராம் இருக்கிற மெஷினில் நம் வீடுகளில் எத்தனை ஓடுகிறது? ஒன்று! பஞ்சாபில் லஸ்ஸிக் கடைக்காரர்கள் மேலே கதவு வைத்த மெஷினில் மோர் கடைகிறார்கள். அவர்களாவது கம்பெனிக்காரனே நினைக்காத புரோகிராமைக் கண்டுபிடித்தார்கள்! (பலத்த சிரிப்பு) ஒவ்வொரு கூடுதல் வசதியும் கெட்டுப்போகக் கூடிய ஒரு கூடுதல் உறுப்பு. அதுவும் ஈரமும் வெக்கையும் நிறைந்த குளியலறையில் எலக்ட்ரானிக் போர்டு! கரண்ட் ஏறி இறங்கினால் முதலில் போவது அதுதான்.

ட்ரையர் வேண்டும் என்றும் சகோதரி சொன்னார். நம் ஊரில் செமி ஆட்டோமேட்டிக்கில் பிழிகிற தொட்டியையே ட்ரையர் என்கிறோம். அது காயவைப்பதில்லை, சுற்றிப் பிழிகிறது, அவ்வளவுதான். உண்மையான ட்ரையர் சூடான காற்றில் துணியை உருட்டும். ஹீட்டர் வைத்தது என்றால் இரண்டாயிரம் வாட்ஸ், அதற்கு மேலும் இழுக்கும். ஹீட் பம்ப் வைத்தது அதில் பாதி மின்சாரத்துக்குள் முடிக்கும். ஆனால் விலை கூட. நம் மாவட்டத்திலேயே கொடைக்கானல் இருக்கிறது. பனியும் மழையுமாக நாள் கணக்கில் துணி காயாத அந்த ஊருக்கு ட்ரையர் அவசியம். அங்கே வாங்குகிறவர்கள் துவைப்பதும் காயவைப்பதும் ஒன்றாகச் சேர்ந்த மெஷினைவிடத் தனித்தனியாக வாங்குவது நல்லது. சேர்ந்த மெஷினில் எட்டுக் கிலோ துவைத்தால் எட்டுக் கிலோவும் ஒரே தடவையில் காயாது; பழுது வந்தால் இரண்டு வேலையும் ஒன்றாக நின்றுபோகும்.

ஆனால் நாகல் நகரில்? நமக்குத்தான் மொட்டை மாடியில் ஒரு ட்ரையர் இருக்கிறதே! கரண்ட் பில் கிடையாது. வாரண்டி? அது தினமும் காலையில் தானே புதுப்பித்துக்கொள்கிறது! (கைதட்டல்) அந்தச் சூரியன் இருக்கிறவரைக்கும், மெஷின் நிமிஷத்துக்கு ஆயிரத்து நானூறு சுற்றுச் சுற்றிப் பிழிய வேண்டிய தேவையும் இல்லை. எண்ணூறு போதும். வேகம் குறைந்தால் பேரிங்குக்குப் பாரம் குறையும். துணி கொஞ்சம் ஈரமாக வரட்டுமே. மிச்சத்தை மேலே இருக்கிறவர் பார்த்துக்கொள்வார்.

"சரி, ஆயுள் ஆயுள் என்கிறாயே, கடையில் புதுசாகப் பளபளவென்று நிற்கிற மெஷினில் ஆயுளை எப்படிப் பார்ப்பது? அதற்கென்ன கைரேகையா இருக்கிறது?" என்று கேட்பீர்கள். கைரேகை இல்லை, ஆனால் ஜோசியர் இருக்கிறார். அவர் விற்கிறவர் அல்ல, பழுது பார்க்கிறவர்! பெண் பார்க்கப் போனால் அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறோம். மெஷின் பார்க்கப் போவதற்கு முன் மெக்கானிக்கிடம் விசாரியுங்கள். "தம்பி, உங்க கடைக்கு அதிகமா வர்ற மாடல் எது? வந்தாலும் சுலபமாப் பிரிச்சுச் சரிபண்ணக் கூடியது எது?" இந்த இரண்டு கேள்வி போதும்.

நான் விசாரித்தேன். அந்த மெக்கானிக் தம்பி எனக்குப் பாடம் நடத்தினார். கல்லூரியில் நான் வாத்தியார். அன்றைக்கு நான் மாணவன்.

முதல் பாடம்: வெளி டப் ஸ்குரூ போட்டு முடுக்கியதா, ஒட்டியதா என்று கேள். ஸ்குரூ போட்டது என்றால் பேரிங்கை மட்டும் மாற்றலாம். ஒட்டியது என்றால் என் கதைதான்.

இரண்டாவது: பேரிங், போர்டு, தண்ணீர் வெளியேற்றுகிற பம்பு, மூன்றும் தனித்தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று வாங்குகிற அன்றைக்கே கேள். கல்யாணத்தன்றே எல்லாவற்றையும் பேசிவிட வேண்டும்.

மூன்றாவது: சர்வீஸ் ஆள் திண்டுக்கல்லிலேயே இருக்கிறாரா, மதுரையிலிருந்து வர வேண்டுமா என்று கேள்.

நான்காவது: வாரண்டி அட்டையைக் கண்ணாடி போட்டுப் படி. மெஷினுக்கு எத்தனை வருஷம், மோட்டாருக்கு எத்தனை வருஷம், கூலி சேர்த்தியா, வேறா?

ஐந்தாவதுதான் பெரிய பாடம்: உன் வீட்டுத் தண்ணீரைப் பார்!

நடுவர் அவர்களே, நம் ஊரில் குடிக்கிற தண்ணீர் வேறு. போர்த் தண்ணீர் வேறு. ஆத்தூர் காமராசர் அணையிலிருந்து வருவது நல்ல தண்ணீர். அது வாசலுக்கு வரும்போது குடத்துக்குத்தான் போகும், மெஷினுக்குப் போகாது. மெஷினுக்குப் போவது போரில் ஏறுகிற உப்புத் தண்ணீர். அதில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் இருக்கின்றன. சூடாக்கினால் ஹீட்டர் மேல் பாறையாகப் படியும். இந்தத் தண்ணீரில் நுரை வராது. நுரை வரவில்லையே என்று இன்னொரு கை பவுடர் போடுகிறோம். அந்தப் பவுடரும் உப்பும் சேர்ந்து டிரம்முக்குப் பின்னால் பசையாக ஒட்டிக்கொள்ளும். ஃப்ரண்ட் லோடு மெஷினில் டிரம்மைத் தாங்குவதற்குப் பின்பக்கம் மூன்று கை வைத்த அலுமினியத் தாங்கி ஒன்று இருக்கிறது. அந்தப் பசை அதை வருஷக்கணக்கில் அரிக்கும். ஒருநாள் படாரென்று கை ஒடியும். டிரம் சாயும்.

குழாயில் மாட்டுகிற சின்ன வடிகட்டி மண்ணைப் பிடிக்கும்; கரைந்த உப்பைப் பிடிக்காது. அதற்கு ரெசின் வைத்த சாஃப்ட்னர் வேண்டும். அவ்வப்போது உப்புப் போட்டு அதைப் புதுப்பிக்க வேண்டும். முடியாதவர்கள் மெஷினோடு கொடுத்த புத்தகத்தில் சொல்லியபடி, படிவு நீக்குகிற பவுடரைப் போட்டு ஒரு தடவை காலியாக ஓட்டுங்கள். பவுடரைக் குறையுங்கள். துணியைத் திணிக்காதீர்கள். துவைத்து முடித்ததும் கதவைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். ரப்பர் கேஸ்கட்டில் பூஞ்சை பிடிக்காது. நாலு காலும் சமமாக நிற்கிறதா என்று பாருங்கள். அடியில் எலி போகாமல் வலை அடியுங்கள். எலிக்கு வாரண்டி கிடையாது! (பலத்த சிரிப்பு)

"இதெல்லாம் நடக்கிற காரியமா? கெட்டுப்போனால்தானே அவனுக்கு வியாபாரம்?" என்று எதிரணியில் முணுமுணுக்கிறார்கள். உண்மை. இது இன்றைக்கு வந்த நோய் இல்லை. 1924-ல் ஜெனீவாவில் உலகத்தின் பெரிய பல்பு கம்பெனிகள் கூடி ஓர் ஒப்பந்தம் போட்டன. பல்பு ஆயிரம் மணி நேரம் எரிந்தால் போதும் என்றார்கள். அதற்கு மேல் எரிகிற பல்பு செய்தவனுக்கு என்ன பரிசு? அபராதம்! இத்தனைக்கும் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் ஒரு தீயணைப்பு நிலையத்தில் 1901-ல் ஏற்றிய பல்பு நூறாண்டைத் தாண்டி எரிந்தது. நீடித்து உழைக்கும்படி செய்யத் தெரியாமல் இல்லை, செய்ய மனமில்லை.

ஆனால் வாங்குகிறவர்கள் கேட்டார்கள், சட்டம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், வாஷிங் மெஷினுக்கு உதிரிப் பாகங்கள் குறைந்தது பத்து வருஷம் கிடைக்க வேண்டும் என்று விதி. பிரான்சில் அதே 2021-ல், பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு இத்தனை மார்க் போட்டுக் கடையிலேயே காட்ட வேண்டும் என்றார்கள். 2025-ல் அதையும் தாண்டி, வாஷிங் மெஷினுக்கு எத்தனை நாள் உழைக்கும் என்பதற்கும் சேர்த்து மார்க்! நம் இந்தியாவிலும் 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. அந்த வருஷம் டிசம்பரில் அதற்கென்று ஓர் இணையதளமும் திறந்தது. நாம் கேட்டால்தான் இது வளரும். நாம் கலர் கேட்டால் கலர்தான் வரும். ஆயுளைக் கேட்டால் ஆயுள் வரும்! (கைதட்டல்)

நடுவர் மணியடித்துவிட்டார். ஒரே ஒரு செய்தியோடு முடிக்கிறேன்.

இதை நான் வேறு ஊரில் பேசியிருந்தால் விளக்க வேண்டியிருக்கும். நாகல் நகரில் விளக்க வேண்டியதில்லை. இந்தத் தெருக்களிலும் நல்லாம்பட்டியிலும் சுத்தியலும் அரமும் பிடித்த கைகள் செய்தவைதான் திண்டுக்கல் பூட்டுகள். மாங்காய்ப் பூட்டு என்ன, கோயில் கதவில் தொங்குகிற பெரிய பூட்டு என்ன! தாத்தா பூட்டிய பூட்டைப் பேரன் திறந்தான். 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் குறியீடு கிடைக்கும்போது பட்டறைகள் எத்தனை மிச்சம் இருந்தன? அலிகாரிலிருந்து மலிவுப் பூட்டு வந்தது. "இது பாதி விலைதானே" என்று வாங்கியது யார்? வெளியூர்க்காரன் மட்டுமா? நாமும்தான்! பூட்டு ஊரில் பிறந்தவன் வீட்டு வாசலில் வெளியூர்ப் பூட்டு. விலையை மட்டும் பார்த்தோம். ஆயுளைச் செய்யத் தெரிந்த கைகளை இழந்துகொண்டிருக்கிறோம். அந்தத் தவற்றை மறுபடி மெஷினிலும் செய்ய வேண்டாம் என்பதுதான் என் விண்ணப்பம்.

இப்போது என் வீட்டில் இருப்பது டாப் லோடு. குனிய வேண்டாம் என்பது வீட்டம்மாவின் தீர்ப்பு. ஸ்குரூ போட்ட டப். மெக்கானிக் தம்பியைக் கூட அழைத்துக்கொண்டு போய் வாங்கினேன். வாங்கி இரண்டு வருஷம்தான் ஆகிறது. பெருமை பேசுவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. (சிரிப்பு) ஆனால் என் வேட்டியை மட்டும் இன்றைக்கும் நானே போட்டு, நானே எடுத்து, நானே காயப்போடுகிறேன். அந்தக் கேள்விக்கு என்னால் கொடுக்க முடிந்த பதில் அதுதான்.

எனவே நடுவர் அவர்களே, விலை வாங்குகிற அன்றைக்கு ஒரு நாள் இனிக்கும். வசதி ஒரு வருஷம் இனிக்கும். அந்த வீட்டுப் பெண்ணின் தோள்பட்டையை வருஷக்கணக்கில் காப்பாற்றுவது ஆயுளே, ஆயுளே, ஆயுளே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)